விறகுக்குக்கூட ஆகாது

இப்படி நிழலுக்கு வந்து உட்காருங்கண்ணே. வண்டி அங்கேயே நிற்கட்டும், போலீஸ்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். இங்கே நிறுத்தக் கூடாது என்றுதான் அவரும் முதலில் விறைத்தார். பேசினேன், இறங்கிவிட்டார். பேசினால் இறங்காத ஆள் கிடையாது. என் வீட்டில் ஒன்று இருக்கிறது, அதைத் தவிர.

உங்க பிள்ளையும் பத்தாவதுதானா? பையனா? சரி. காலையில் உள்ளே போகும்போது எப்படிப் போனான்? சிரித்துக்கொண்டா போனான்? இல்லைதானே. கணக்குப் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டு, ஹால் டிக்கெட்டை நாலு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு, சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போகும். அதுதானே முறை. என் மகள் சிரித்துக்கொண்டு போகிறாள் அண்ணே. பன்னிரண்டு நாளாகப் புத்தகத்தைத் தொடாதவள். இந்த கேட்டுக்கு வெளியே கால் மணி நேரம் நட்டு வைத்த கல் மாதிரி நின்றவள். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லி வைதேன். வைததும் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே உள்ளே போகிறாள். போய் எழுதுகிறாளா, வெறும் தாளைக் கொடுத்துவிட்டுக் குந்தியிருக்கிறாளா, எந்தச் சாமிக்குத் தெரியும்?

நான் வைததை நீங்க பார்த்தீர்களா? அப்போது நீங்கதான் அந்த நீலச் சட்டையில் டீக்கடை ஓரமாக நின்றவரா? பார்த்திருப்பீங்க. என்னடா, பரீட்சைக்குப் போகிற பிள்ளையைப் போட்டு ஒருத்தன் இப்படிக் கிழிக்கிறானே என்று நினைத்திருப்பீங்க. நினைங்க. ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டு நினைங்க. ஒன்றே கால் மணி வரை நேரம் கிடக்கிறது.

என் பேர் தவசி. அவனியாபுரம் ரோட்டில் பழைய மரக்கடை. எங்கேயாவது பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்றால் போய் நிற்பேன். கதவு, நிலை, சன்னல், உத்திரம், கைமரம், எல்லாவற்றையும் பேசி எடுப்பேன். கொண்டுவந்து ஆணியைப் பிடுங்கி, இழைத்து, பாலிஷ் போட்டு விற்பேன். ஆறாவதோடு பள்ளிக்கூடம் சரி எனக்கு. பன்னிரண்டு வயதில் லாரியிலிருந்து உத்திரம் இறக்கும்போது போன விரல் இது, பாருங்க. பாதி விரலைக் கொடுத்துக் கற்ற தொழிலண்ணே. சர்டிபிகேட்டில் வராது.

தொழிலில் முதல் பாடம் என்ன தெரியுமா? எடுக்கப் போகிற சாமானை நல்லதென்று சொல்லக் கூடாது. நல்லதென்று ஒரு தடவை வாய் தவறி வந்துவிட்டால் முடிந்தது, வீட்டுக்காரன் ஏறி உட்கார்ந்துகொள்வான். தடவிப் பார்க்கும்போதே மூஞ்சியைச் சுளிக்க வேண்டும். கோணல் என்க வேண்டும். மூட்டு விட்டுப்போச்சு, கரையான் அரிச்சிருக்கு, விறகுக்குக்கூட ஆகாது, எடுத்துப்போனால் வண்டிக்குப் பிடித்த கேடு என்க வேண்டும். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வைய வேண்டும். விற்கும்போது அப்படியே தலைகீழ். எந்தக் கதவை எப்போது தள்ளிவிடுவோம் என்று இருக்கிறதோ, அதைத்தான் ராசா வீட்டுக் கதவு, இந்த மாதிரி நார் ஓட்டம் இனிமேல் கிடைக்காது என்று புகழ வேண்டும். இது எல்லா வியாபாரிக்கும் தெரிந்ததுதான். என் மகளுக்கும் தெரியும். கடையில் மரத்தூளில் புரண்டு வளர்ந்தவள்தானே.

என் வீட்டு வாசல் கதவைப் பார்த்தால் தெரியும் உங்களுக்கு. காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் எடுத்தது. அசல் பர்மா தேக்கு, கீலுக்குப் பதில் குடுமியில் சுழல்கிற இரட்டைக் கதவு. பார்த்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்படி ஒரு சாமான். காட்டிக்கொள்ளவில்லையே. மூன்று நாள் அந்த வீட்டு வாசலில் நின்றேன். மூன்று நாளும் வைதேன். கோணல், மூட்டு விட்டுப்போச்சு, விறகுக்குக்கூட ஆகாது. மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த வீட்டு ஆச்சி, "தூக்கிட்டுப் போப்பா, உன் வாயைக் கேக்க முடியலை" என்று கொடுத்துவிட்டார்கள். இவளுக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடம் லீவு, வண்டியில் கூட வந்தவள். திரும்பும்போது என் பாதி விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏன்ப்பா, விறகுக்குக்கூட ஆகாதுன்னீங்க. அப்புறம் எதுக்குப்பா எடுத்துட்டுப் போறோம்?" நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. கதவை என் வீட்டுக்கே போட்டுவிட்டேன். எத்தனையோ பேர் வந்து கேட்டாச்சு. கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன்.

சரி, அது எதற்கு இப்போது. விஷயத்துக்கு வருகிறேன்.

நாகஜோதி என்று பேர் என் மகளுக்கு. அரையாண்டில் கணக்கில் எவ்வளவு எடுத்தாள் தெரியுமா? இருபத்து மூன்று. நூற்றுக்கண்ணே. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராதுங்க என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரி ஈஸ்வரி அழுகிறாள். இவள் சுவரைப் பார்க்கிறாள். எனக்குக் கோபம் வராதா? கணக்கில் விழுந்தால் ஒரு வருஷம் போச்சு. அப்புறம் அடுத்த வருஷம் ஆறாவது வகுப்புத் தவசி பத்தாவது வகுப்பு நாகஜோதியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆணி பிடுங்க வேண்டியதுதான். அதற்கா நான் விரலைக் கொடுத்தேன்?

வில்லாபுரத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் எஸ்தர் டீச்சர் என்று ஒருத்தர் டியூசன் எடுக்கிறார். என் தங்கச்சி வயசு இருக்கும். ஏழு பிள்ளைகளுக்கு மேல் சேர்க்க மாட்டாராம். போனேன், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. என்ன ரேட்டு என்றேன். சொன்னார். நான் எழுந்துவிட்டேன்.

"என்ன டீச்சர், ஏழு பேருக்கு எடுக்கிறதும் எழுபது பேருக்கு எடுக்கிறதும் ஒரே தொண்டைதானே" என்றேன்.

"இல்லைங்க. இங்க ஆளுக்கு ஆள் பாடம் வேற. ஒரு பிள்ளைக்கு எது வருதோ, அந்த வாசல் வழியாத்தான் உள்ள போவேன். அதைக் கண்டுபிடிக்கவே ஒரு மாசம் ஆகும். நேரம் பிடிக்கிற வேலைங்க, அதான்" என்றார்.

பிடி கிடைத்துவிட்டது எனக்கு. நேரம் பிடிக்கிறதால்தானே ரேட்டு? அப்படியென்றால் நேரம் பிடிக்காத பிள்ளை என்று சொல்லிவிட்டால் இறங்கித்தானே ஆக வேண்டும்? உட்கார்ந்தேன் மறுபடி.

"மந்தப் பிள்ளைக்கு நீங்க சொல்ற ரேட்டு சரி டீச்சர். இது அப்படிக் கிடையாது. இது வாய் பேசாதே தவிர, உள்ளுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும். ஒரு தடவை பார்த்தாப் போதும், பிடிச்சுக்கும். எனக்கே தப்பு வந்தா இதுதான் திருத்தும். இருபது வருசமா எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன், இப்படி ஒரு கெட்டிக்காரப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. நீங்க சும்மா ஒரு தட்டு தட்டிவிட்டாப் போதும்" என்றேன்.

நல்ல பேச்சு. எனக்கே திருப்தியாக இருந்தது. டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் ஒரு புது நோட்டை எடுத்து நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசியில், "சரிங்க, நீங்க கேட்டபடியே குடுங்க" என்றார். இறங்கிவிட்டார். பேச்சுன்னா அதுதான்.

திரும்பிப் பார்த்தால் இவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாய் திறந்து கிடக்கிறது. ஃபேன் காற்றுக்குக் கண்ணில் தண்ணீர் வேறு. "என்னத்தா, தூசி விழுந்திருச்சா?" என்றேன். தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

டியூசனுக்குப் போனாள். ஒரு வாரம் கழித்து வந்து, கடையில் டேப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சட்டமாக அளக்கிறாள். என்ன என்றேன். டீச்சர் அளந்து வரச் சொன்னார் என்கிறாள். எனக்குச் சுர்ரென்றது. மரக்கடையிலிருந்து பிள்ளையை வெளியே இழுக்கத்தான் நான் அங்கே அனுப்புகிறேன். அந்தம்மா டேப்பைக் கொடுத்து மறுபடி மரக்கடைக்கே அனுப்புகிறது.

இன்னொரு நாள் கைமரத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஓடு இறங்குகிற சரிவை ஏதோ டீட்டா டீட்டா என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். இன்னொரு நாள் எங்கள் கடைக் கருப்பையா ஆசாரியிடம் போய், "மாமா, மூலை மட்டம் பார்க்க மூணு, நாலு, அஞ்சுன்னு கயிறு பிடிப்பீங்களே, அது எதுக்குன்னு எனக்குத் தெரியும்" என்கிறாள். அது ஏதோ ஒரு வெள்ளைக்காரன் கண்டுபிடித்த தேற்றமாம். கருப்பையா ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறார். "அந்த வெள்ளைக்காரனுக்கு எங்க அப்பன்தான் சொல்லிக் குடுத்திருப்பான்" என்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசிச்சுப் பாருங்கண்ணே. மூணு நாலு அஞ்சு என் கடைச் சரக்கு. கன அடிக் கணக்கு என் கடைச் சரக்கு. பன்னிரண்டு அடி நீளம், ஆறு இஞ்சு அகலம், நாலு இஞ்சு கனம் என்று நான் வாயெடுத்தால், கால்குலேட்டரைத் தட்டுவதற்குள் "ரெண்டு கன அடி" என்று உள்ளேயிருந்து இவள் குரல் வரும். எட்டு வயதிலிருந்து வரும். என் கடையில் சும்மா கிடந்ததை எடுத்து, துடைத்து, எனக்கே விற்கிறது அந்தம்மா. இருபது வருஷ வியாபாரத்தில் என்னை இப்படி யாரும் ஏமாற்றினதில்லை.

சரி, என் மகளுக்குத்தான் அப்படி என்று பார்த்தால், மற்ற பிள்ளைகளுக்கு வேறு வேறு கூத்து. ஒரு பையனுக்கு எழுத வராதாம். அவனை நிற்க வைத்து, பாடத்தைக் கிரிக்கெட் கமெண்ட்ரி மாதிரி கத்தச் சொல்கிறார். இன்னொரு பிள்ளை படமாக வரைகிறது. ஒரே பரீட்சை, ஒரே கேள்வித்தாள், ஏழு பிள்ளைக்கு ஏழு பாடம். இது என்ன நியாயம்? ஒரு கடை என்றால் எல்லாருக்கும் ஒரே படிக்கல்தானே?

எங்கள் கடையில் போன மாதம் ஒரு புது ஆள் சேர்ந்தான். எந்தப் பலகையைக் கொடுத்தாலும் ஒரே பக்கமாக இழைப்புளியைப் போட்டுத் தள்ளுகிறான். செதில் செதிலாகக் கிளம்புகிறது. பிடித்தேன் பாருங்க ஒரு பிடி. "டேய், மரத்துக்கு மரம் நார் வேறடா. அது எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமாத்தான் தள்ளணும். எதிர்த்துத் தள்ளினா ராசா தேக்கும் கெட்டுப்போகும்" என்று கத்தினேன். அன்றைக்கு அந்தக் கோபத்தோடுதான் நேரே டியூசனுக்குப் போனேன். இதற்கு ஒரு முடிவு கட்டுவோம் என்று.

மார்க் ஏறவில்லையா என்று நீங்க கேட்பீங்க. ஏறியது, இல்லை என்று சொல்லவில்லை. முதல் திருப்புதல் தேர்வில் நாற்பத்தொன்று. இரண்டாவதில் ஐம்பத்தெட்டு. ஆனால் அது வயசு. வயசானால் புத்தி வரத்தானே செய்யும்.

மாடிக்குப் போனால், ஏழு பிள்ளைகளும் ஏழு மூலையில். இவள் என் வீட்டு வாசல் கதவை வரைந்து, அதற்குள் கோடு கோடாகப் போட்டு ஏதோ பரப்பளவு பார்த்துக்கொண்டிருக்கிறாள். டீச்சர் எழுந்து வந்தார். "வாங்க ஜோதி அப்பா, நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்று அந்த நோட்டை எடுத்துக் காட்டினார். முதல் பக்கத்தில் மேலே பெரிதாக 'வரும்' என்று எழுதியிருந்தது. கீழே ஏதோ ஒரு நீள வரி, அப்புறம் வரிசையாக: மனக்கணக்கு வரும். கண் பார்வையிலேயே அளவு சொல்ல வரும். கோணம் பிசகினால் கண்டுபிடிக்க வரும். தப்பை ஒத்துக்கொண்டு திருத்த வரும். இப்படியே நாலு பக்கம்.

நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "வராது எங்க டீச்சர்?" என்றேன்.

"எது?"

"இது வரும் பக்கம். வராது பக்கம் எங்க? குறையே எழுதாம என்ன நோட்டு இது? ஓட்டை எங்கன்னு தெரியாம எதை அடைப்பீங்க? நான் ஒரு சன்னல் எடுக்கிறதா இருந்தாலும் முதல்ல நொட்டைதான் பார்ப்பேன்."

"அது எல்லாரும் அவளுக்குச் சொல்லியாச்சுங்க. அவளுக்கே மனப்பாடம். நான் வேற எழுதணுமா?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. எதிராளி குரலை உயர்த்தவில்லை என்றால் எனக்கு இன்னும் ஏறும். "அதுவுமில்லாம, இந்த நோட்டை ஆரம்பிச்சதே நீங்கதான். முதல் வரி நீங்க சொன்னதுதான்" என்று படித்துக் காட்டினார். "'இப்படி ஒரு கெட்டிக்காரப் பிள்ளையை நான் பார்த்ததில்லை.' ஜோதி தெனமும் வந்ததும் இதை ஒரு தடவை பார்த்துட்டுத்தான் உக்காருவா."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. என் பேச்சையே எடுத்து என்னை மடக்குகிறாரே.

"அது பேரத்துக்குச் சொன்னது டீச்சர்" என்றேன்.

உண்மையைத்தானே சொன்னேன்? இல்லை, நீங்களே சொல்லுங்கண்ணே, அது பேரத்துக்குச் சொன்னதுதானே? ஒரு வியாபாரி சொல்கிறதை யாராவது சத்தியம் என்று எழுதி வைப்பார்களா?

கிரிக்கெட் கமெண்ட்ரிப் பையன்கூட வாயை மூடிவிட்டான். நாகஜோதி எழுந்து வந்தாள். டீச்சர் கையிலிருந்து நோட்டை வாங்கினாள். முதல் வரியின் மேல் ஸ்கேலை வைத்து ஒரு கோடு போட்டாள். நேர்கோடு, இம்மியும் பிசகவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜியாமெட்ரி பாக்ஸை மூடிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்றையிலிருந்து பன்னிரண்டு நாள். டியூசனுக்குப் போகவில்லை. புத்தகத்தைத் தொடவில்லை. என்னோடு ஒரு வார்த்தை இல்லை. சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள், அந்தக் கதவில் சாய்ந்து உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறாள். பேரத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறவனிடம்தான் அண்ணே நாம் தோற்போம். பேசுகிறவனை ஜெயித்துவிடலாம்.

நானும் இறங்கி இறங்கிப் பார்த்தேன். "புது சைக்கிள் வாங்கித் தர்றேன்" என்றேன். பேச்சில்லை. "சரி, போன்" என்றேன். பேச்சில்லை. "என்னதான்டி வேணும், உன் ரேட்டைச் சொல்லு" என்றேன். ஈஸ்வரி அடுப்படியிலிருந்து, "ஏங்க, அவ என்ன சரக்கா?" என்கிறாள். நடுவில் இவள் வேறு.

எஸ்தர் டீச்சர் வீட்டுக்கே வந்தார். இவளோடு உள்ளே ரொம்ப நேரம் பேசினார். வெளியே வரும்போது அவர் முகமும் சரியில்லை. என்னிடம், "ஜோதி அப்பா, நான் சொல்லிக் குடுத்து அவ ஐம்பத்தெட்டு வாங்கலை. அந்த ஒரு வரியைக் காப்பாத்தணும்னு வாங்கினா" என்றார்.

பார்த்தீங்களா, தானாகவே ஒத்துக்கொண்டது. தான் சொல்லிக் கொடுக்கவில்லை என்று அந்தம்மா வாயாலேயே வந்துவிட்டது. "அதைத்தான் டீச்சர் நானும் முதல்லேர்ந்து சொல்றேன்" என்றேன். "அதை நீங்க அவகிட்ட மனசாரச் சொல்லுங்க" என்று போய்விட்டார். எதைச் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. படித்தவர்கள் எப்போதும் இப்படித்தான், பாதியில் விட்டுவிட்டுப் போவார்கள்.

நானும் யோசித்தேன். சரி, புகழ்ந்தால்தானே படித்தாள், இன்னொரு தடவை புகழ்ந்துவிட்டால் போகிறது, என்ன காசா பணமா? நேற்றுச் சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து, அவள் பக்கத்தில் அந்தக் கதவோரம் உட்கார்ந்தேன். வராது எனக்கு. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நீ கெட்டிக்காரிதான் தாயி. உன்னை மாதிரி பிள்ளை இந்தத் தெருவுலயே இல்லை" என்றேன்.

பன்னிரண்டு நாளைக்கு அப்புறம் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"யாருக்கு விக்கப் போறீங்க?" என்றாள்.

கேட்டீங்களா? பெற்ற தகப்பனிடம் பேசுகிற பேச்சா இது? எனக்குக் கை ஓங்கிவிட்டது. அடிக்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். ஒரு சொம்பு. அப்புறம் இன்னொரு சொம்பு.

காலையில் வண்டியில் கூட்டி வந்தேன். வந்து இறங்கினாள். எல்லாப் பிள்ளைகளும் உள்ளே போகிறார்கள். இவள் நிற்கிறாள். முதல் மணி அடிக்கிறது. நிற்கிறாள். "போத்தா" என்றேன். "போய் என்ன செய்ய" என்றாள். "எனக்குத்தான் வராதே. நீங்க சொன்னதே பேரத்துக்குத்தானே."

அப்போதுதான் எனக்குக் கொதித்துவிட்டது. எத்தனை நாள் அடக்கினது. என் வாயில் எது பழகிக் கிடக்கிறதோ அதுதானே வரும்? "ஆமாடி. நீ என்ன சாமான்னு நினைச்ச? கோணல். மொத்தமும் கோணல். மூட்டுக்கு மூட்டு விட்டுப்போச்சு. கரையான் அரிச்சது. விறகுக்குக்கூட ஆகாது. உன்னை எவன் எடுப்பான், வண்டிக்குப் பிடிச்ச கேடு" என்று நடுரோட்டில் கத்தினேன். நீங்க பார்த்தீங்களே, டீக்கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

அழுவாள் என்று நினைத்தேன். ஏறிட்டுப் பார்த்தாள் அண்ணே என்னை. என்னையே பார்க்கிறாள். கண்ணைச் சுருக்கி, சட்டம் நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்போமே, அப்படிப் பார்க்கிறாள்.

"மூணு நாள் நிப்பீங்களாப்பா?" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பரீட்சை மூணு மணி நேரம். மூணு நாள் எதற்கு? கோபத்தில், "நிப்பேன்டி. மூணு நாள் இல்லை, முப்பது நாள் நிப்பேன், எவன் கேக்கிறான்னு பார்க்கிறேன். நீ உள்ள போ" என்றேன்.

அதற்குத்தான் சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். சிரித்தபடியே ஓடினாள். கேட்டை மூடப் போனவரைத் தாண்டிக்கொண்டு ஓடினாள்.

பித்துப் பிடித்துவிட்டதா என்று எனக்குப் பயம். அப்போதிலிருந்து இங்கேதான் நிற்கிறேன். கடைக்கு ஆள் வந்து நின்றுகொண்டிருக்கிறான் என்று இரண்டு தடவை போன் வந்துவிட்டது. போக மனசில்லை. நிற்கிறேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டேனே. நீங்க விவரமான ஆளாகத் தெரிகிறீங்க. பரீட்சைக்குப் போகிற பிள்ளையை நல்லபடியாகச் சொன்னால் மூஞ்சியைத் திருப்புகிறது, விறகுக்குக்கூட ஆகாது என்றால் சிரித்துக்கொண்டு ஓடுகிறது. இதற்கு எந்த டியூசனில் என்ன பாடம் வைத்திருக்கிறார்கள் சொல்லுங்க.

இருங்க. மணி அடிக்கிறது.

வருகிறார்கள். உங்க பையன் எது, கண்ணாடி போட்டதா? ஆள் தெளிவாகத்தான் வருகிறான், பாஸ்தான் போங்க. எங்கே என்னுடையது? ரெட்டைச்சடை, ரெட்டைச்சடை, எல்லாமே ரெட்டைச்சடைதான். அதோ, அந்தத் தூண் பக்கம். வருகிறாள். நடையைப் பாருங்க, அவசரமே இல்லை. கேள்வித்தாளை விசிறிக்கொண்டு வருகிறாள். அதில் எவ்வளவு கிறுக்கி வைத்திருக்கிறாள் பாருங்க, ஒரு ஓரம் பாக்கியில்லை.

ஏத்தா. எப்படி எழுதின?

கேட்டீங்களாண்ணே? கேட்டீங்களா அவள் சொன்னதை?

"கோணல்ப்பா. மூட்டுக்கு மூட்டு விட்டுப்போச்சு. விறகுக்குக்கூட ஆகாது" என்கிறாள்.

போச்சு. ஒரு வருஷம் போச்சு. இத்தனை நேரம் வெயிலில் நின்றதற்கு இதுதான் பலன். ஏண்டி, இதைச் சொல்லவா இவ்வளவு நேரம் உள்ளே இருந்த? கொஞ்சமாவது கவலை இருக்கா உனக்கு? கையை ஏன் பிடிக்கிற? விடு. அந்த விரலை விடுடி, வேர்த்துக் கிடக்கு. சிரிக்கிறாள் பாருங்க. எல்லாத்தையும் கோட்டைவிட்டு வந்து நின்னுக்கிட்டுச் சிரிக்கிறாள்.

நீங்க என்னண்ணே, நீங்களும் சிரிக்கிறீங்க?